மீண்டும் வீட்டுக்குள் செல்லலாமா?

பிழைப்பை நாடிப் பிறந்த ஊரை விட்டு வந்த நமக்கு வீடு என்பது வெறும் செங்கல்லும் சிமெண்டும் அன்று. பல்லாண்டுகள் சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தோடு வங்கிக் கடனும் வாங்கி, மொழி வேறான ஊரில் நமக்கென்று நான்கு சுவர்களை எழுப்பிக்கொள்கிறோம். அச்சுவர்களுக்குள்தான் நம் குழந்தைகள் தமிழைக் கேட்டு வளர்கின்றனர். அத்தகைய வீட்டின் வாயிலில் நின்று, "உள்ளே போகலாமா, கூடாதா?" என்று அறியாமல் திகைக்கும் நிலை பகைவருக்கும் வரவேண்டாம். ஆயினும் இந்த அகமதாபாத் நகரில் வாழும் மூத்த தமிழர் பலருக்கு அந்நிலை ஒருமுறை வந்தது. 2001-ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 26-ஆம் நாளை அவர்கள் மறந்திரார்.

அக்கேள்விக்கு விடை கூற வேண்டியவர் எஞ்சினீயர். அவ்விடையைக் கூற அவர் எங்கே, எவ்வாறு கற்றுக்கொள்கிறார்? இதுகாறும் நாம் இதனை எண்ணிப் பார்த்ததில்லை. அண்மையில் எண்ணிப் பார்க்கும் வாய்ப்பு ஒன்று கிட்டியது. கண்ணில் ஒரு கருவியை மாட்டிக்கொண்டு, இடிந்தும் இடியாமலும் நிற்கும் கட்டடத்துக்குள் உலவிப் பயிலும் புதிய முறையை நேரிற் கண்டோம். அதைப் பற்றி இத்திங்கள் நம் வாசக அன்பர்களோடு சிறிது உரையாட விரும்புகிறோம்.

அந்தக் காலை

அன்று குடியரசு நாள். பள்ளிகளில் கொடியேற்றுவதற்குப் பிள்ளைகள் சென்றிருந்தனர். காலை 8 மணி 46 நிமிடத்துக்குக் கட்ச் மாவட்டத்தில் பச்சாவுக்கு அருகே நிலம் அதிர்ந்தது. அதன் அளவு 7.7 என்று பின்னர்க் கணித்தனர். புஜ், பச்சாவு, அஞ்சார், ராபர் ஆகிய ஊர்கள் சிதைந்தன. உயிரிழந்தோர் 13,000-க்கும் மேற்பட்டோர். இடிந்தும் பழுதுற்றும் போன வீடுகள் 10 லட்சத்துக்கும் அதிகம்.

நடுக்கம் பிறந்த இடத்திலிருந்து அகமதாபாத் 200 கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ளது. இருந்தும் இங்கே அடுக்கு மாடிக் கட்டடங்கள் பல சரிந்தன. எழுநூறுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். தமிழர் நிறைந்து வாழும் மணிநகரில் ஒரு பள்ளிக் கட்டடம் இடிந்து மாணவச் செல்வங்களைப் பலிகொண்டது. அதனை எழுதும்போது இன்றும் கை தயங்குகிறது.

நாம் குடியிருந்த சொசைட்டியின் கட்டடம் விழவில்லை. நான்கு மாடிகள், கீழே வண்டிகள் நிறுத்தும் இடம். சுவர்களில் வெடிப்புகள் ஓடியிருந்தன. மூன்று இரவுகள் எதிரிலிருந்த திடலில் தங்கினோம். குஜராத்தி அன்பர்கள் கிச்சடி சமைத்தனர். நம் மகளிர் ரசம் வைத்தனர். பசியை விடப் பெரிதாய் இருந்தது அந்த ஒரே கேள்விதான். பின்னதிர்ச்சிகள் வந்துகொண்டே இருந்தன. ஜனவரி மாதக் குளிரில் குழந்தைகளுக்கு இருமல் கண்டது.

நான்காம் நாள் ஒரு எஞ்சினீயர் வந்தார். நாற்பது, ஐம்பது கட்டடங்களை அன்றைக்குள் பார்க்க வேண்டியவர் போலும். கண்கள் சிவந்திருந்தன. வாயிலில் நின்று அண்ணாந்து பார்த்தார். முன்பக்கத் தூண் ஒன்றைக் கையால் தட்டினார். "கோயி வாந்தோ நதி" என்றார். அஃதாவது ஒன்றும் பழுதில்லை என்றார். பத்து நிமிடம்கூட ஆகவில்லை. அடுத்த சொசைட்டிக் கட்டடமும் ஏறக்குறைய அதே அமைப்பு. அதே ஆண்டில் கட்டியது. அங்கு வந்த வேறொருவர், "எவரும் உள்ளே செல்லக் கூடாது" என்று கூறிச் சென்றார். நாம் வீடு திரும்பினோம். அவர்கள் இரண்டு திங்கள் கூடாரத்தில் இருந்தனர்.

வெடிப்புகளைப் பூசுவதற்கு ஏறத்தாழ நாற்பது நாட்களுக்குப் பின் கொத்தனாரை அழைத்தோம். பின்புறம், நிலத்தடித் தண்ணீர்த் தொட்டியை அடுத்திருந்த இரண்டு தூண்களின் தலைப்பில் பூச்சு உப்பியிருந்தது. அவர் உளியை வைத்ததும் பூச்சோடு கான்கிரீட்டும் உதிர்ந்தது. உள்ளே கம்பிகள் வில்லாய் வளைந்திருந்தன. நாற்பது இரவுகள் அந்தத் தூண்களின் மேலேதான் நாம் உறங்கினோம்.

அந்த எஞ்சினீயரைக் குறை கூறுவது நம் நோக்கம் அன்று. அவரும் தம் வீட்டாரைத் திடலில் விட்டு வந்தவராக இருந்திருக்கலாம். ஒரு கணக்கைப் பாருங்கள். 10 லட்சம் வீடுகள். ஒருவர் நாளொன்றுக்கு 15 வீடுகளைப் பார்க்கிறார் என்று கொள்வோம். 1,000 பேர் இடைவிடாது உழைத்தாலும் 67 நாட்கள் ஆகும். அதுவரை மக்கள் காத்திருப்பது எங்ஙனம்? ஆகவே விரைவாகவும் பார்க்க வேண்டும். பிழையின்றியும் பார்க்க வேண்டும். இவ்விரண்டும் எளிதில் ஒன்றுசேர்வன அல்ல.

மூன்று வண்ணத் தாள்கள்

இவ்விரண்டையும் இயன்றவரை சேர்ப்பதற்கு உலக நாடுகள் சில முறைகளை வகுத்துள்ளன. அமெரிக்காவின் கலிபோர்னியாவில் 1989-இல் இதற்கென ஒரு வழிகாட்டி நூல் வெளியாயிற்று. ஏ.டி.சி.-20 என்பது அதன் பெயர். அதே ஆண்டு அக்டோபர் 17-ஆம் நாள் லோமா பிரியெட்டா நிலநடுக்கம் சான் பிரான்சிஸ்கோ வட்டாரத்தைத் தாக்கிற்று. எழுதிய மை உலருமுன் நூலுக்குத் தேர்வு வந்துவிட்டது!

அந்நூல் கூறும் முறை சுருக்கமானது. முதலில் விரைவுப் பார்வை. ஒரு கட்டடத்துக்குப் பத்து முதல் முப்பது நிமிடம். பார்த்து முடித்ததும் வாயிலில் ஒரு தாளை ஒட்ட வேண்டும். பச்சை என்றால் பார்வையிடப்பட்டது, தடையில்லை. மஞ்சள் என்றால் கட்டுப்பாட்டோடு பயன்படுத்தலாம். சிவப்பு என்றால் ஆபத்து, நுழையலாகாது. ஐயமுள்ள கட்டடங்களுக்கு இரண்டாவதாக விரிவான பார்வை உண்டு. அது பல மணி நேரம் பிடிக்கும். அதிலும் தெளிவு பிறக்காவிடில் வரைபடங்களைப் புரட்டி, கணக்கிட்டு ஆராய்தல் மூன்றாம் படி.

இத்தாலியர் இன்னும் நுணுக்கமாக 'ஏ' முதல் 'எஃப்' வரை ஆறு வகைகளாகப் பிரிக்கின்றனர். தன்னளவில் நன்றாக நிற்கும் வீடாயினும், பக்கத்துக் கோபுரமோ பாறையோ அதன்மேல் விழக்கூடுமாயின், அதற்கும் தனியே ஒரு வகை வைத்துள்ளனர். நம் அண்டை நாடான நேபாளத்தில் 2015-ஆம் ஆண்டு ஏப்ரல் 25-ஆம் நாள் நிலநடுக்கம் நேர்ந்தபோது, அங்கும் பொறியாளர்கள் பச்சை, மஞ்சள், சிவப்புத் தாள்களோடு தெருத் தெருவாகச் சென்றனர்.

பச்சைத் தாளின் துயரக் கதை

தாளை ஒட்டுவது எளிது. அதன் பொருளை உணர்வது எளிதன்று. நியூசிலாந்து நாட்டில் கிறைஸ்ட்சர்ச் நகரில் நடந்ததைக் கேளுங்கள்.

2010-ஆம் ஆண்டு செப்டம்பர் 4-ஆம் நாள் விடியற்காலையில் அங்கே 7.1 அளவுள்ள நடுக்கம் நேர்ந்தது. ஊர் உறங்கிக்கொண்டிருந்தது, பேரிழப்பு இல்லை. பின்னர்க் கட்டடங்களைப் பார்வையிட்டுத் தாள் ஒட்டினர். ஆறு மாடிகள் கொண்ட சி.டி.வி. கட்டடத்துக்குப் பச்சைத் தாள் கிடைத்தது. மக்கள் வழக்கம்போல் அதில் பணியாற்றி வந்தனர்.

2011-ஆம் ஆண்டு பிப்ரவரி 22-ஆம் நாள் பகல் 12 மணி 51 நிமிடத்துக்கு மற்றொரு நடுக்கம் வந்தது. அளவிற் சிறியதேனும் நகருக்கு மிக அருகில், ஆழம் குறைந்த இடத்தில் தோன்றியது. நகரில் 185 பேர் உயிரிழந்தனர். அவர்களுள் 115 பேர் அந்த ஒரே கட்டடத்தில் மாண்டவர்கள். ஆங்கிலம் கற்பதற்காக வெளிநாடுகளிலிருந்து வந்திருந்த மாணவர்கள் அவர்களில் பலர். வீட்டை விட்டு வெளியூரில் பிள்ளைகளைப் படிக்க அனுப்பும் நமக்கு அப்பெற்றோரின் வேதனையை எவரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

அரசு அமைத்த உயர் விசாரணைக் குழு இதனை நெடிது ஆராய்ந்தது. குறை கட்டடத்தின் வடிவமைப்பிலேயே இருந்தது என்று அது கண்டது. எனில், பச்சைத் தாள் என்ன கூறிற்று? "இந்த நடுக்கத்தால் இதற்குப் பெரிய ஊறு நேர்ந்ததாகத் தெரியவில்லை" என்பதையே அது கூறிற்று. "இது வலிமையான கட்டடம்" என்று அது கூறவே இல்லை. மக்களோ அவ்வாறே அதைப் படித்தனர். பச்சை என்றால் பாதுகாப்பு என்பதுதானே உலக வழக்கு! பிற்காலத்தில் நியூசிலாந்தார் அந்தப் பச்சையையே கைவிட்டனர். இப்பொழுது அங்கே அதற்குப் பதில் வெள்ளைத் தாள். 'பயன்படுத்தலாம்' என்ற சொல் மட்டும் அதில் உண்டு.

பார்ப்பவருக்குப் பயிற்சி வேண்டும். பார்த்ததைச் சொல்லும் சொல்லிலும் கவனம் வேண்டும் என்பது இதனால் விளங்கும்.

மருத்துவருக்கு மருத்துவமனை உண்டு

மருத்துவம் பயிலும் மாணவர் எங்கே கற்கிறார்? மருத்துவமனையில். நாள்தோறும் நோயாளர் வருகின்றனர். ஆசிரியர் கட்டிலருகே நின்று, "இதனைப் பார், இந்த ஒலியைக் கேள்" என்று சுட்டிக் காட்டுகிறார். ஐந்தாண்டுகளில் நூற்றுக்கணக்கான உடல்களைப் பார்த்துவிடுகிறார்.

கட்டடப் பொறியாளருக்கு அத்தகைய மருத்துவமனை எங்கே? புதிதாகக் கட்டுவதையே அவர் கற்கிறார். நிலநடுக்கத்தில் அடிபட்ட கட்டடம் ஒன்றைக்கூடக் காணாமல் ஓய்வு பெறுவோரே மிகுதி. பாடத்துக்காக நிலநடுக்கத்தை வரவழைக்க முடியுமா? ஓரிடத்தில் அது வந்தாலும் சில மாதங்களில் இடிபாடுகளை அகற்றிவிடுகின்றனர். அகற்றத்தானே வேண்டும்! ஆனால் அவற்றோடு பாடமும் குப்பைக்குப் போய்விடுகிறது.

நம் நாட்டில் இத்துறையில் முயற்சியே இல்லை என்று கூறலாகாது. ரூர்க்கிப் பல்கலைக்கழகத்தில் 1960-ஆம் ஆண்டிலேயே பேராசிரியர் ஜெய் கிருஷ்ணாவின் முயற்சியால் நிலநடுக்கப் பொறியியலுக்கெனத் தனிக் கல்விப் பிரிவு தொடங்கப்பெற்றது. கான்பூர் ஐ.ஐ.டி.யில் இதற்கென ஒரு தேசியத் தகவல் மையம் 1999 முதல் இயங்கி வருகிறது. அங்குப் பேராசிரியர் சி.வி.ஆர். மூர்த்தி எழுதிய எளிய குறிப்புகளைச் சாதாரண மக்களும் படித்துப் பயன் பெறலாம். படங்களும் நூல்களும் நிறைய உள்ளன. ஆனால் படம் ஒரு பக்கத்தை மட்டுமே காட்டும். எடுத்தவர் எதைக் காட்ட நினைத்தாரோ அதையே காட்டும். சுற்றிப் போய்ப் பின்புறத் தூணைப் பார்க்க வேண்டும் என்ற எண்ணத்தைப் படம் கற்பிக்காது.

கண்ணுக்குள் ஒரு கட்டடம்

இக்குறையைத் தீர்க்க வந்துள்ளதே மெய்நிகர் தோற்றம். 'விர்ச்சுவல் ரியாலிட்டி' என்று இளைஞர் வழங்குவது இதனையே.

இதன் அடிப்படை புதிதன்று. நம் இரு கண்களும் ஒரு பொருளைச் சற்றே வேறுபட்ட கோணங்களில் காண்கின்றன. மூளை இரண்டையும் இணைத்து ஆழத்தை உணர்கிறது. 1838-ஆம் ஆண்டிலேயே ஆங்கில அறிஞர் சார்லஸ் வீட்ஸ்டன், இரு படங்களை இரு கண்களுக்கும் தனித்தனியே காட்டி ஆழம் தோன்றச் செய்தார். 1968-இல் அமெரிக்கரான ஐவன் சதர்லாந்து, தலையில் மாட்டும் கருவியைக் கணிப்பொறியோடு இணைத்தார். தலையைத் திருப்பினால் காட்சியும் திரும்பியது. அக்கருவி கனமானது, கூரையிலிருந்து தொங்கவிட வேண்டியிருந்தது. இன்று அது நீச்சல் வீரர் அணியும் கண்ணாடியைச் சற்றுப் பெரிதாக்கியது போல் உள்ளது. காட்சி ஒரு நொடியில் எழுபது, தொண்ணூறு முறை மாறுகிறது. அசைவுக்கும் காட்சிக்கும் இடையே சிறிது காலம் தாழ்த்தாலும் தலை சுற்றும்.

விமானிகள் இத்தகைய பயிற்சியை நெடுநாளாகப் பெற்று வருகின்றனர். எட்வின் லிங்க் என்பவர் 1929-ஆம் ஆண்டையொட்டி அமைத்த பயிற்சிப் பெட்டியில் அமர்ந்து, தரையை விட்டு எழாமலே ஆயிரக்கணக்கானோர் இரண்டாம் உலகப் போரின்போது பறக்கக் கற்றனர். தரையில் செய்யும் பிழை உயிரை வாங்குவதில்லை என்பதே அதன் சிறப்பு.

இடிந்த கட்டடத்தைக் கருவிக்குள் கொணர்வது எப்படி? இரண்டு வழிகள் உள. ஒன்று, பல கோணங்களில் நூற்றுக்கணக்கான நிழற்படங்களை எடுத்து, கணிப்பொறியைக் கொண்டு அவற்றை ஒரே வடிவமாகப் பொருத்துதல். மற்றொன்று, லேசர் ஒளியைச் செலுத்தி, அது பட்டுத் திரும்பும் காலத்தைக் கொண்டு ஒவ்வொரு புள்ளியையும் அளத்தல். அமெரிக்காவில் சியாட்டில் நகரிலுள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில், பேரிடர் நிகழ்ந்த இடங்களை இவ்வாறு பதிவு செய்வதற்கென்றே 2016-இல் ஒரு கருவியகம் நிறுவப்பெற்றது. நியூசிலாந்தில் ஆக்லாந்து நகர மருத்துவமனையை மெய்நிகர் உலகில் அமைத்து, நடுக்கத்தின்போது உள்ளிருப்போர் எவ்வாறு நடந்துகொள்ள வேண்டும் என்று பயிற்றிப் பார்த்தனர். இவ்வாறு பதிவு செய்த கட்டடத்தை நகராட்சியார் இடித்து அகற்றிய பின்னரும் மாணவர் அதனுள் உலவலாம்.

நாம் கண்டதும் தவறியதும்

நம் சங்கத்து அன்பர் ஒருவரின் மகள் சிவில் எஞ்சினீயராகப் பணிபுரிகிறாள். 2001-இல் அவளுக்கு ஐந்து வயது. திடலில் நம் மடியில் படுத்து உறங்கியவள். நகரத்துக் கல்லூரி ஒன்றில் நடந்த பயிற்சிக்கு அவள் சென்றிருந்தாள். "மாமா, நீங்களும் வந்து ஒருமுறை பாருங்கள்" என்று அழைத்தாள். சென்றோம்.

கருவியை மாட்டிய கணத்தில் கல்லூரி அறை மறைந்தது. ஒரு தெருவில் நின்றோம். எதிரே மூன்று மாடிக் கட்டடம். அருகே செல்லச் செல்லச் சுவர் பெரிதாயிற்று. திருவிழாவில் காசு கொடுத்துப் பார்த்த படப்பெட்டி நினைவுக்கு வந்தது; ஆனால் இந்தப் பெட்டிக்குள் நாமே புகுந்துவிட்டோம். செங்கற்சுவரில் இரு சன்னல்களுக்கு இடையே பெருக்கற்குறி போல் பெரிய வெடிப்பு ஓடியிருந்தது. நெஞ்சம் பதறியது. "சிவப்பு!" என்று கூவினோம்.

"அவசரப்படாதீர்கள், மாமா. உள்ளே போகுமுன் நான்கு பக்கமும் சுற்றி வாருங்கள்" என்ற குரல் கேட்டது.

சுற்றினோம். முகப்பில் கைப்பிடிச் சுவர் ஒரு முழம் வெளியே சாய்ந்திருந்ததைக் காணவில்லை. அதன் அடியிலேயே நின்றிருந்தோம். மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டி ஒரு காலில் தொங்கியதையும் காணவில்லை. பின்புறம் இருளாயிருந்தது, எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பினோம். அங்கேதான் தூண் ஒன்றின் தலைப்பில் கான்கிரீட் சிதறிக் கம்பி வளைந்திருந்ததாம்! பார்க்க வேண்டிய பன்னிரண்டு குறிகளில் நாம் கண்டவை நான்கு. நாம் எத்திசையில் எத்தனை நொடி பார்த்தோம் என்பதைக் கருவி குறித்து வைத்திருந்தது. பெரும்பொழுதும் அந்தப் பெருக்கற்குறி வெடிப்பையே பார்த்துக்கொண்டிருந்தோமாம்.

"எல்லாரும் முதலில் அப்படித்தான், மாமா. அந்த வெடிப்பைச் சிறிதென்று விடக்கூடாது. பாரம் தாங்கும் சுவராயின் அது பெரிய கேடு. ஆனால் இக்கட்டடத்தில் பாரத்தைத் தாங்குவன தூண்கள். அது இடையை நிரப்பிய சுவர். தூண் போனால்தான் மாடி இறங்கும். கண்ணைக் கவருவதைப் பார்த்ததும் நின்றுவிடாமல், பட்டியலில் உள்ள அனைத்தையும் பார்க்க வேண்டும். அதைத்தான் பழக்குகிறார்கள்" என்றாள்.

மேலும் சில நுட்பங்களை அவள் கூறினாள். வெடிப்பு பழையதா புதியதா என்பதை எப்படி அறிவது? பழைய வெடிப்பில் தூசியும் சிலந்தி வலையும் சுண்ணாம்பும் படிந்திருக்கும். புதியதின் உட்புறம் தூய்மையாய், வெளுத்திருக்கும். சுவருக்கும் உத்திரத்துக்கும் இடையே மெல்லிய கோடாகத் தோன்றும் பிளவு பெரும்பாலும் அச்சத்துக்குரியதன்று. தூணில் சாய்வாக ஓடும் வெடிப்போ அச்சத்துக்குரியது. கதவு திடீரென்று நெருக்கிப் பிடித்தால் சட்டம் கோணியிருக்கலாம். தூக்குக் குண்டை விட்டுப் பார்க்க வேண்டும்.

முப்பது பேர் ஒரே கட்டடத்தைப் பார்த்து எழுதிய முடிவுகளை ஆசிரியர் பலகையில் வரிசைப்படுத்தினார். சிலர் பச்சை, பலர் மஞ்சள், சிலர் சிவப்பு! ஒரே கட்டடம், ஒரே நாள். ஏன் இவ்வேறுபாடு என்று ஒவ்வொருவரையும் எழுப்பிக் கேட்டார். அவரவர் தவறவிட்டதைத் திரும்ப உள்ளே சென்று பார்க்கச் செய்தார். இரண்டாம் கட்டடத்தில் முடிவுகள் நெருங்கி வந்தன. 2001-இல் நம் சொசைட்டிக்கும் அடுத்த சொசைட்டிக்கும் இரு வேறு தீர்ப்புகள் கிடைத்தது நம் மனத்தில் வந்து நின்றது. அன்று அவ்விருவரையும் எவரும் எதிரெதிரே அமர்த்தி, "நீர் கண்டது என்ன? நீர் கண்டது என்ன?" என்று வினவியதில்லை.

கருவிக்கு எட்டாதவை

புதுமையைக் கண்டு மயங்கிவிடுதல் நம் இயல்பு. ஆகவே குறைகளையும் கூறுதல் கடன்.

தூணைச் சுத்தியால் தட்டினால் வரும் ஒலியைக் கொண்டு உள்ளே பொள்ளலா என்று தேர்ந்தவர் அறிவார். இக்கருவியில் தட்ட முடியாது. பூச்சைச் சுரண்டிப் பார்க்க முடியாது. எரிவாயுக் கசிவின் மணம் வராது. சிலருக்குச் சிறிது நேரத்தில் தலை கிறுகிறுக்கிறது, நமக்கும் கிறுகிறுத்தது. அன்றியும், "இது சிவப்பு, இது மஞ்சள்" என்று விடையை முன்னரே எழுதி வைத்தவர் ஓர் ஆசிரியர். அவருடைய தீர்ப்பில் பிழை இருப்பின் அப்பிழையும் முப்பது பேருக்கும் பரவும்.

எல்லாவற்றிலும் பெரிய குறை ஒன்றுண்டு. அந்தத் தெருவில் மக்கள் இல்லை. நாம் அறிந்த திடலில், மூதாட்டி ஒருவர் எஞ்சினீயரின் கையைப் பற்றிக்கொண்டு, மருந்துப் பெட்டி உள்ளே இருக்கிறது, ஒரு நிமிடம் விடுங்கள் என்று கெஞ்சினார். மகளின் திருமண நகை உள்ளே இருக்கிறது என்று ஒருவர் அழுதார். அவர்கள் நடுவே நின்று "கூடாது" என்று சொல்லும் உறுதியையும், "போகலாம்" என்று சொல்லுமுன் பின்புறம் சென்று பார்க்கும் பொறுமையையும் கருவி மட்டும் தந்துவிடாது. இதை அப்பெண்ணிடம் கூறினோம். "அதற்காகத்தான் மாமா, கண்ணுக்கு வேண்டிய பழக்கத்தை இங்கேயே முடித்துக்கொள்கிறோம். அங்கே போகும்போது மனம் மக்களிடம் இருக்கலாம் அல்லவா?" என்றாள். நாம் மறுமொழி கூறவில்லை.

கிறைஸ்ட்சர்ச் கற்பித்த பாடமும் இங்கே நினைக்கத் தக்கது. கண்ணுக்குத் தெரியும் பழுதையே இப்பயிற்சி கற்பிக்கிறது. தூணுக்குள், கொத்தனார் 'ரிங்' என்று சொல்லும் வளையக் கம்பிகளை நெருக்கமாக வைத்தாரா, அவற்றின் முனைகளை உள்நோக்கி மடக்கினாரா என்பதைக் கருவியும் காணாது, கண்ணும் காணாது. அது கட்டும்போதே கவனிக்க வேண்டிய செய்தி.

நம் இல்லத்தார் செய்யத் தக்கவை

நமக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று சிலர் வினவக்கூடும். நாட்டின் நான்கு திசைகளிலும் நாம் சிதறி வாழ்கிறோம். 2002-ஆம் ஆண்டின் இந்தியத் தர விதி நாட்டை 2 முதல் 5 வரை நான்கு நிலநடுக்க மண்டலங்களாகப் பிரித்தது. குவாகாத்தியும் புஜ்ஜும் ஐந்தில், டில்லி நான்கில், மும்பையும் அகமதாபாத்தும் மூன்றில், பெங்களூரும் ஐதராபாத்தும் இரண்டில். சென்னையும் அத்திருத்தத்தில் இரண்டிலிருந்து மூன்றுக்கு உயர்த்தப்பட்டது. ஓய்வுக் காலத்துக்கென்று சென்னையில் அடுக்கு மாடி வீடு வாங்கி வைத்துள்ள அன்பர்களும் இதனைக் கருத வேண்டும்.

முதலாவதாக, உங்கள் கட்டடத்தின் கீழ்த்தளத்தைப் பாருங்கள். சுவர்களே இல்லாமல் தூண்கள் மட்டும் நின்று, வண்டிகள் நிறுத்துமிடமாக உள்ளதா? மேல் மாடிகளில் சுவர்கள் நிறைந்திருப்பதால் அவை ஒரு பெட்டிபோல் இறுகி நிற்கும். அசைவு முழுதும் கீழ்த்தூண்களின்மேல் விழும். 2001-இல் இந்நகரில் சரிந்த கட்டடங்களுள் பல இவ்வகையின. 2002-ஆம் ஆண்டு விதி அத்தகைய தளத்தின் தூண்களையும் உத்திரங்களையும் கணக்கில் வரும் விசையைப்போல் இரண்டரை மடங்குக்கு வடிவமைக்கக் கூறியது. அதற்கு முன் கட்டியவையாயின், சொசைட்டிக் கூட்டத்தில் இதனை எழுப்பி, தகுதியுள்ள பொறியாளரைக் கொண்டு ஆராயச் செய்யுங்கள். தூண்களைச் சுற்றிக் கம்பி கட்டிக் கான்கிரீட்டால் போர்த்தி வலுப்படுத்த முடியும். நம் பழைய கட்டடம் அவ்வாறு செய்யப்பெற்றே இன்றும் நிற்கிறது.

இரண்டாவதாக, கட்டடத்தின் வரைபடங்களைத் தேடி எடுத்து, ஒரு படியைக் கட்டடத்துக்கு வெளியே பாதுகாப்பாக வையுங்கள். நடுக்கத்துக்குப் பின் வரும் எஞ்சினீயருக்கு அதனினும் சிறந்த உதவி வேறில்லை.

மூன்றாவதாக, நடுக்கம் ஓய்ந்தபின் அவர் வந்து பார்க்கும்போது, மரியாதையோடு ஆனால் கூசாமல் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். ஐயா, நான்கு பக்கமும் பார்த்தீர்களா? தூண்களைப் பார்த்தீர்களா? போகலாம் என்பது இன்றைக்கு மட்டுமா, அடுத்த நடுக்கத்துக்குப் பின்னுமா? பெரிய பின்னதிர்ச்சி வந்தால் முன்னர் ஒட்டிய தாள் செல்லாது. மீண்டும் பார்க்க வேண்டும்.

நான்காவதாக, நம் பிள்ளைகளுள் பொறியியல் பயில்வோர் ஆயிரக்கணக்கானோர். அவர்களுள் சிவில் துறையில் இருப்போர் எங்கேனும் இத்தகைய பயிற்சி நடப்பின் சேர்ந்து கற்கட்டும். அயலூரில் வந்து வாழும் நமக்கு இவ்வூர் சோறிட்டது. திடலில் நம்மோடு கிச்சடியைப் பகிர்ந்துகொண்டது. அதன் இடரில் பயன்படும் ஒருவரை நம் வீட்டிலிருந்து தருவதை விட வேறு என்ன கைம்மாறு உண்டு?

அன்று மாலை அப்பெண் நம்மை வீட்டில் கொண்டுவந்து விட்டாள். ஸ்கூட்டரை நிறுத்தியவள் உடனே மேலே வரவில்லை. கீழ்த்தளத்தில் தூண்களை ஒவ்வொன்றாய்ப் பார்த்துக்கொண்டு பின்புறம் சென்று, தொட்டியருகே குனிந்து நோக்கினாள். கைபேசி விளக்கை ஏற்றி இரண்டு தூண்களின் தலைப்பையும் பார்த்தாள். பின்னர்தான், "வாருங்கள் மாமா, உள்ளே போகலாம்" என்றாள்.